கத்திக்கு எஃகு தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைப் பாத்திரக் கடைகளில் காந்தத்தை வைத்துப் பார்த்து, அது ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று நம்பி வாங்குவோர் பலர். அதே சோதனையைக் கத்திக்கும் செய்வதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. பாத்திரங்களுக்கு உரிய 304 வகை எஃகில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. அந்த நிக்கலால் அது காந்தத்தில் ஒட்டுவதில்லை, பழுக்கக் காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாவதில்லை. கத்தியின் அலகு கூர் தாங்க வேண்டுமானால் போதிய கரி சேர்ந்த, தோய்த்துக் கடினமாக்கக்கூடிய எஃகு வேண்டும். அத்தகைய எஃகு காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். ஆகவே காந்தம் ஒட்டாத எஃகுக் கத்தியின்மீதுதான் ஐயம் கொள்ள வேண்டும்.

குரோமியத்தின் அளவை மட்டும் பார்த்துத் துருப்பிடிக்காது என்று முடிவு செய்வதும் சரியன்று. கத்திகளுக்குப் பயன்படும் டி2 என்ற எஃகு வகையில் ஏறத்தாழ 12 விழுக்காடு குரோமியம் இருந்தாலும், கரி 1.5 விழுக்காடு இருப்பதால் குரோமியத்தின் ஒரு பகுதி அதனுடன் சேர்ந்து கார்பைடு என்ற கடினமான சேர்மமாகிவிடுகிறது. துருவைத் தடுக்க எஞ்சுவது குறைவே. நம் கடற்காற்றில், மீன் அரிந்த ஈரத்துடன் அதை இரவு முழுவதும் தொட்டியில் போட்டுவைத்தால் காலையில் செம்புள்ளிகள் தெரியும். 0.95 விழுக்காடு கரி கொண்ட 1095 போன்ற கரி எஃகுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம்; எலுமிச்சை நறுக்கிய கையோடு கழுவித் துடைத்துவிட வேண்டும்.

கடினம் கூடக் கூட நல்லது என்ற எண்ணத்துக்கு நானே விலை கொடுத்திருக்கிறேன். எஃகின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 60 கொண்ட, விஜி-10 என்ற எஃகு வகையாலான கத்தியால் தேங்காய்ப் பத்தையை நெம்பியபோது, விளிம்பில் அரிசி நொய் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. மெல்லிய காய்கறி வேலைக்கு அந்த எஃகு மிக அருமையானது. எலும்புக்கும் தேங்காய்க்கும் 55, 56 அளவிலுள்ள தடித்த அலகே ஏற்றது.

டமாஸ்கஸ் என்று விற்கப்படும் வரிக் கத்திகளில் பெரும்பாலானவை இருவகை எஃகை அடுக்கி ஒட்டவைத்தவை. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் தடயம் கிடைத்துள்ள பழைய மூசை எஃகு, அதாவது களிமண் குடுவையில் உருக்கி எடுத்த எஃகு, வேறு; இரண்டையும் ஒன்றென எண்ணிவிடக் கூடாது.

எந்த எஃகாயினும், சாணைக்காரரிடம் கொடுக்கும்போது அலகை அடிக்கடி நீரில் நனைக்கச் சொல்லுங்கள். சூட்டில் விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடம் பதம் இழந்துவிட்டது. அப்பகுதி முழுவதும் தேய்த்து நீக்கப்படும்வரை அங்கே கூர் நிற்காது.