உபுண்டு போட்ட பிறகும் லேப்டாப் பூட் ஆகவில்லையா? எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் லேப்டாப்களில் கோளாறு பெரும்பாலும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இருப்பதில்லை. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸின் செட்டிங்குக்குள் போய், நாலைந்து செட்டிங்கை ஒரே மூச்சில் மாற்றியிருப்பார்கள். எது எதைக் கெடுத்தது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

அதற்கும் முன்னால் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 லேப்டாப்பில் டிஸ்க் என்கிரிப்ஷன் நீங்கள் கேட்காமலேயே ஆன் ஆகியிருக்கலாம். நம்பகமான கையொப்பம் இல்லாத பூட் ஃபைலைத் தடுக்கும் செக்யூர் பூட் செட்டிங்கைத் தொட்டால் அடுத்த முறை 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நிற்கும். வழக்கமாக அந்தக் கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லாகின் செய்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். கீயும் இல்லை, பேக்கப்பும் இல்லை என்றால் அந்த டிஸ்க்கில் இருக்கும் புராஜெக்ட், வீட்டுப் படங்கள் எதுவும் திரும்பக் கிடைக்காது. கீ கையில் இல்லாமல் வருபவரின் லேப்டாப்பில் நான் பயாஸைத் திறப்பதே இல்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? பழைய பயாஸ் டிஸ்க்கின் முதல் செக்டாரில் உள்ள 512 பைட்டைப் படித்து ஓட்டும். அதன் இடத்தில் இப்போது இருக்கும் யூஇஎஃப்ஐ அப்படியில்லை (இதன் செட்டிங் பக்கத்தையும் பயாஸ் என்றே சொல்கிறோம்). ஃபாட்32 வடிவில் இருக்கும் ஒரு சின்ன பார்ட்டிஷனைத் திறந்து, அதில் ‘இஎஃப்ஐ’ என்ற ஃபோல்டருக்குள் உள்ள பூட் ஃபைலை ஓட்டும். எந்த ஃபைலை முதலில் ஓட்டுவது என்ற பட்டியல் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். ஆக, ஃபைல் இல்லாமல் இருக்கலாம், பட்டியலில் ஏறாமல் இருக்கலாம், அல்லது செக்யூர் பூட் அந்த ஃபைலை நம்பாமல் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

இன்ஸ்டால் செய்யத் தயாரித்த பென் டிரைவே தெரியவில்லை என்றால், பென் டிரைவ் எழுதும் ரூஃபஸ் புரோகிராமில் ஜிபிடி (டிஸ்க்கைப் பிரிக்கும் புது முறை), யூஇஎஃப்ஐ என்று தேர்ந்து மறுபடி எழுதுங்கள். டெல், லெனோவா, ஏசரில் பொதுவாக எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப் அழுத்தினால் பூட் மெனு வரும். ஏசரில் அந்த எஃப்12 மெனுவையே பயாஸில் ஆன் செய்ய வேண்டியிருக்கும். கீயைப் பிடிக்க நேரமே கிடைக்கவில்லையா? விண்டோஸில் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ‘யூஸ் எ டிவைஸ்’ வழியாகப் போங்கள். ஒரே பென் டிரைவ் மெனுவில் இரண்டு முறை தெரிந்தால், பெயருக்கு முன் யூஇஎஃப்ஐ என்று இருப்பதையே எடுங்கள். லெகஸியில், அதாவது பழைய பயாஸ் முறையில், பூட் செய்து விண்டோஸ் போடப் போனால், டிஸ்க் ஜிபிடியாக இருக்கிறது, இதில் போட முடியாது என்று நின்றுவிடும். அதற்காக டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள். வெளியே வந்து யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்தால் போதும். பென் டிரைவிலிருந்தே ஓடும் உபுண்டு லைவில் இருக்கிறீர்கள் என்றால் ‘சிஸ்’ ஃபோல்டருக்குள் ‘ஃபர்ம்வேர்’, அதற்குள் ‘இஎஃப்ஐ’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சரியான முறையில்தான் வந்திருக்கிறீர்கள்.

இன்ஸ்டாலர் வந்தும் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி தெரியவில்லை என்பது இன்டெல் 11-ஆம் தலைமுறைக்குப் பின் அடிக்கடி வருவது. காரணம் விஎம்டி, எஸ்எஸ்டியை இன்டெல்லின் தனிக் கட்டுப்பாட்டில் வைக்கும் ஒரு பயாஸ் செட்டிங். விண்டோஸ் போடுகிறீர்கள் என்றால் அதை அணைக்க வேண்டாம். அந்த எஸ்எஸ்டியைக் காட்டும் இன்டெல்லின் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் வைத்து ‘லோட் டிரைவர்’ கொடுங்கள். உபுண்டுவுக்கு அணைக்க வேண்டிவந்தால், ஏற்கெனவே இருக்கும் விண்டோஸை முதலில் சேஃப் மோடுக்கு (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் ஏறும் முறை) அமைத்துவிட்டு, அப்புறம் பயாஸில் மாற்றுங்கள். ஒரு முறை சேஃப் மோடில் ஏறிவிட்டால் புது டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை எடுத்துவிடலாம். நேராக அணைத்தால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். சேஃப் மோடில் பின் நம்பர் எடுபடாமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்ட் தெரிந்திருக்கட்டும். சில ஏசர் மாடல்களில் விஎம்டி வரியே கண்ணில் படாது. ‘மெயின்’ பக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் வெளியே வரும்.

இப்போது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். இன்ஸ்டால் முடிந்தது, ரீஸ்டார்ட் செய்தால் நேராக விண்டோஸ் வருகிறது, அல்லது ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்கிறது. ஏசர் ஆஸ்பயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஃப்2 அழுத்தி உள்ளே போய், ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் ஒன்று வையுங்கள். அது இல்லாமல் கீழே உள்ள வரிகள் மங்கலாகவே இருக்கும், தொட முடியாது. பிறகு ‘செலக்ட் அன் யூஇஎஃப்ஐ ஃபைல் ஆஸ் டிரஸ்டட்’ என்று தொடங்கும் வரியில் என்டர். டிஸ்க்கின் பெயர் வரும். அதற்குள் இஎஃப்ஐ, அதற்குள் உபுண்டு, அதற்குள் ‘ஷிம்எக்ஸ்64’, உபுண்டுவைத் தொடங்கி வைக்கும் ஷிம் என்ற பூட் ஃபைல். அதைத் தேர்ந்து ஒரு பெயர் கொடுங்கள். எஃப்10 அழுத்தி சேமித்து, மறுபடி எஃப்2. ‘பூட்’ பக்கத்தில் அந்தப் பெயர் பட்டியலின் அடியில் கிடக்கும், மேலே ஏற்றுங்கள். உபுண்டுவா விண்டோஸா என்று கேட்கும் கிரப் மெனு வந்துவிடும். வேலை முடிந்ததும் பாஸ்வேர்டைக் காலியாக்குங்கள். மறந்துபோன சூப்பர்வைசர் பாஸ்வேர்ட், பூட் பிரச்சினையைவிடப் பெரிய தலைவலி.

செக்யூர் பூட்டை ஆஃப் செய்துவிட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். உபுண்டுவின் ஷிம் மைக்ரோசாஃப்ட் கையொப்பத்துடன் வருகிறது, ஆன் ஆக இருந்தாலே ஓடும். சில புது திங்க்பேட்களில் மட்டும் மூன்றாம் தரப்பு கையொப்பத்தை அனுமதிக்கும் வரியை பயாஸில் ஆன் செய்ய வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, பழைய ஷிம் உள்ள லினக்ஸ்கள், ஓட்டையுள்ள பழைய பூட் ஃபைல்களைத் தடுக்கும் ‘எஸ்பிஏடி’ சோதனையில் தோற்று, ‘சம்திங் ஹாஸ் கான் சீரியஸ்லி ராங்’ என்று நின்றன. பழைய ஐஎஸ்ஓ (உபுண்டுவின் இன்ஸ்டால் ஃபைல்) எழுதிய பென் டிரைவில் இதைக் கண்டால், புது ஐஎஸ்ஓ இறக்கி எழுதுங்கள்.

என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர் போட்டிருந்தால், அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரையில் ‘பெர்ஃபார்ம் மாக் மேனேஜ்மென்ட்’ வரலாம். மாக் என்பது செக்யூர் பூட் நம்புவதற்காக நீங்களே சேர்க்கும் கையொப்பச் சாவி. 10 விநாடிதான் காத்திருக்கும். ஒரு கீயை அழுத்தி உள்ளே போய், ‘என்ரோல் மாக்’ கொடுத்து, இன்ஸ்டால் செய்தபோது வைத்த பாஸ்வேர்டைத் தட்டுங்கள்.