இன்டர்னல் டெஸ்ட் மார்க்கை வச்சு நம்ம டீச்சிங்கை சரி பண்றது எப்படி? (புதுசா சேர்ந்த ஸ்டாஃபுக்கு)

இன்ஜினியரிங் காலேஜ்ல அசிஸ்டன்ட் ப்ரொஃபசரா சேர்ந்த முதல் செமஸ்டர்லயே உங்க கையில ஒரு எக்ஸெல் ஷீட்டைக் கொடுத்து "சிஓ அட்டெயின்மென்ட் போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துருங்க"ன்னு சொல்லிருப்பாங்க (சிஓ-ன்னா அந்தப் பாடத்துல பசங்க செய்யத் தெரிஞ்சுக்க வேண்டியது, அட்டெயின்மென்ட்னா அது எவ்வளவு வந்திருக்குன்னு 3-க்குப் போடுற நம்பர்). நீங்களும் பக்கத்து சீட் மேடம்கிட்ட கேட்டு ஃபார்முலாவை இழுத்து விட்டு 2.4-னோ 2.6-னோ ஒரு நம்பர் வந்ததும் பிரின்ட் எடுத்து ஃபைல்ல போட்டிருப்பீங்க. அந்த நம்பரால ஒரு பையனுக்காவது ஏதாவது நடந்துச்சான்னு கேட்டா பதில் இருக்காது. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஏன்னா இந்த முறை உண்மையாவே நல்ல முறை, ஒழுங்கா பண்ணா அடுத்த வாரமே கிளாஸ்ல வித்தியாசம் தெரியும்.

பின்னணி சுருக்கமா: 2014-ல என்பிஏ (படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கிற நேஷனல் போர்டு ஆஃப் அக்ரெடிடேஷன்) மூலமா இந்தியா வாஷிங்டன் அக்கார்ட்ல, அதாவது இன்ஜினியரிங் டிகிரியை நாடுகள் ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்கிற ஒப்பந்தத்துல, நிரந்தர உறுப்பினர் ஆச்சு. அதோட சேர்ந்து வந்த கேள்வி "சிலபஸ் முடிச்சீங்களா"ங்கிறது இல்ல, "பையன் என்ன செய்யத் தெரிஞ்சு வெளிய போறான்"ங்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் அஞ்சாறு கோர்ஸ் அவுட்கம் எழுதுறோம்ல, அதுதான் சிஓ. மொத்த டிகிரிக்கும் இருக்குறது பிஓ, அதாவது ப்ரோக்ராம் அவுட்கம். இந்தப் பதிவுல பிஓ பக்கம் போகல, சிஓ சரியா இருந்தா அது தானா வரும்.

முதல் வேலை: சிஓ-வைத் திரும்பப் படிங்க

போன வருஷ ஃபைல்ல இருந்து காப்பி பண்ணி வச்சிருப்பாங்க, அதை எடுத்து வினைச்சொல்லை மட்டும் பாருங்க. "மாணவர்கள் நெட்வொர்க் தியரங்களைப் புரிந்துகொள்வர்"னு இருந்தா அதை எப்படி அளப்பீங்க? "தெவினின் தியரத்தை வச்சு ஒரு சர்க்யூட்டைச் சுருக்கி லோட் கரன்ட் கண்டுபிடிப்பர்"னு மாத்துங்க. இப்ப இதுக்குக் கேள்வி கேக்க முடியும், பதிலைப் பார்த்து வருது வரலன்னு சொல்ல முடியும். ப்ளூம்ஸ் லெவல் கே1-ல (ஞாபகம் வச்சு சொல்றது) இருந்து கே6 (புதுசா உருவாக்குறது) வரைக்கும் போடுறதெல்லாம் இந்த வினைச்சொல்லைப் பொறுத்துதான்.

ரெண்டாவது: கொஸ்டின் பேப்பர்

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல எந்த சிஓ, எந்த லெவல்னு ஒரு காலம் (கட்டம்) இருக்கும். எல்லாரும் பேப்பர் எடுத்து முடிச்சிட்டு கடைசில அந்தக் காலத்தை நிரப்புறாங்க, நீங்க முதல்ல அதை நிரப்பிட்டு அப்புறம் கேள்வியை எழுதுங்க. சிஓ-ல "பயன்படுத்துவர்"னு எழுதிட்டு பேப்பர்ல "தியரத்தை எழுதுக"ன்னு கேட்டா மனப்பாடம் பண்ணவன் எல்லாம் மார்க் வாங்குவான், அட்டெயின்மென்ட் 3 வரும், பல்கலைக்கழகத் தேர்வுல அதே பசங்க ப்ராப்ளத்தைத் தொடாம விட்டுட்டு வருவாங்க. அஃபிலியேட்டட் காலேஜ்ல இருக்கவங்க ஒண்ணு யோசிங்க, செமஸ்டர் ரிசல்ட்ல நமக்கு வர்றது ஓ, ஏ ப்ளஸ்னு வெறும் கிரேடு, எந்தக் கேள்வில விழுந்தான்னு அதுல தெரியாது. கேள்வி வாரியா பார்க்கக் கிடைக்கிறது இன்டர்னல் பேப்பர் மட்டும்தான். அண்ணா யுனிவர்சிட்டி 2017 ரெகுலேஷன்ல தியரிக்கு 20-ஆ இருந்த இன்டர்னல் 2021 ரெகுலேஷன்ல 40 ஆயிடுச்சு, அதனால இதை ஈஸியா வச்சு எல்லாருக்கும் மார்க் போட்டு விடணும்னு ஒரு பிரஷர் வரும், எனக்கும் வந்திருக்கு. மார்க் போடுறதுக்கு அசைன்மென்ட் இருக்கு, டெஸ்ட்டை டெஸ்ட்டா விட்டுருங்க.

மூணாவது: மார்க் என்ட்ரி

மொத்த மார்க்கை மட்டும் ஏத்தாதீங்க, கேள்வி வாரியா ஏத்துங்க. திருத்தும்போதே லேப்டாப்பைப் பக்கத்துல வச்சு ஒவ்வொரு பேப்பரா ஏத்திட்டா வேலை முடிஞ்சிடும். பேப்பரைத் திருப்பிக் கொடுத்துட்டு அப்புறம் ஏத்தலாம்னு விட்டா ஊகத்துலதான் நிரப்ப வேண்டி வரும், அது பொய்க்கணக்கு.

இதுல முக்கியமான விஷயம், பையன் அந்தக் கேள்வியை எழுதவே இல்லன்னா செல்லைக் காலியா விடுங்க, எழுதி முட்டை வாங்கினா மட்டும் 0 போடுங்க. ஏன்னு அடுத்ததுல சொல்றேன்.

நாலாவது: கணக்கு, அதை எப்படிப் படிக்கிறது

ஒரு உதாரணம் போடுறேன், நம்பர் எல்லாம் விளக்கத்துக்காக. 60 பேர் கிளாஸ், டெஸ்ட் எழுதினது 57 பேர். 12-ஆவது கேள்வி 13 மார்க், அ அல்லது ஆ, ரெண்டுமே சிஓ2. அ-ல டிபென்டென்ட் ஸோர்ஸ் (சர்க்யூட்ல வேற இடத்து வோல்டேஜையோ கரன்ட்டையோ பொறுத்து மாறுற ஸோர்ஸ்) இருக்குற தெவினின் ப்ராப்ளம், ஆ-ல மேக்ஸிமம் பவர் ட்ரான்ஸ்ஃபர் தியரம் டெரிவேஷன். டார்கெட் 60 சதவீதம்னா 7.8, அதாவது 8 மார்க்.

அ எழுதினது 38 பேர், அதுல 8 இல்ல அதுக்கு மேல வாங்கினது 12 பேர். ஆ எழுதினது 14 பேர், அதுல 11 பேர். ரெண்டையும் விட்டது 5 பேர். ஒரு ஆப்ஷனை மட்டும் விட்டவனை அந்த ஆப்ஷன் கணக்குல சேர்க்கக் கூடாது, அதுக்குத்தான் காலியா விடச் சொன்னேன். ஆனா ரெண்டையும் விட்டவன் அந்தக் கேள்வில ஜீரோதான், அவனை மொத்தத்துல சேர்த்தே ஆகணும், பல ஷீட்ல இந்தப் பசங்க காணாமப் போயிடுறாங்க. ஆக 57-க்கு 23, சுமார் 40 சதவீதம். 60 சதவீதம் பேர் தாண்டினா லெவல் 1, 70-னா 2, 80-னா 3-னு உங்க காலேஜ்ல வச்சிருந்தா இது எந்த லெவலுமே இல்ல.

வழக்கமா இங்க என்ன எழுதுவோம்? "ரெமீடியல் கிளாஸ் நடத்தப்படும்." அவ்ளோதான். கொஞ்சம் பொறுத்து உள்ள பாருங்க, டெரிவேஷன்ல 14-க்கு 11, கிட்டத்தட்ட 79 சதவீதம், ப்ராப்ளத்துல 38-க்கு 12, 32 சதவீதம் கூட இல்ல. ரெண்டையும் எழுதினது வேற வேற பசங்கதான், ஒப்பிட்டு ஒரேயடியா முடிவு கட்ட முடியாது, ஆனாலும் தியரத்தைத் திரும்ப நடத்துறது வீண்னு தெரியுது, சிக்கல் ப்ராப்ளத்துல எங்கயோ இருக்கு.

அஞ்சாவது: பேப்பரைத் திரும்ப எடுங்க

இதை யாரும் பண்றதில்ல, ஆனா மொத்த விஷயமும் இங்கதான் இருக்கு. நம்பர் எங்கன்னுதான் காட்டும், ஏன்னு பேப்பர்தான் சொல்லும். நல்லா மார்க் வாங்கினவங்க 5, நடுவுல 5, கீழ 5, இப்படி 15 பேப்பர் எடுத்து அந்த ஒரு கேள்வியை மட்டும் படிங்க. எந்த ஸ்டெப்ல தடுக்குதுன்னு ஒரு துண்டுப் பேப்பர்ல கோடு போட்டு எண்ணுங்க.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். வரிசையா பேப்பர் பார்க்கிறேன், ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் எல்லாருக்கும் சரியா வந்திருக்கு, லூப் ஈக்வேஷன் அழகா எழுதியிருக்காங்க. அடுத்து ரெசிஸ்டன்ஸ் கண்டுபிடிக்கிற இடத்துல சர்க்யூட்டைத் திரும்ப வரைஞ்சு வோல்டேஜ் ஸோர்ஸை ஷார்ட் பண்ணிட்டு அதே கையோட டைமண்ட் குறி போட்ட டிபென்டென்ட் ஸோர்ஸையும் எடுத்துட்டாங்க. ஒருத்தன் ரெண்டு பேர் இல்ல, நல்லா படிக்கிற பொண்ணுங்க பேப்பர்லயும் அதே. அதை எடுக்கவே கூடாது, இன்டிபென்டென்ட் ஸோர்ஸை மட்டும்தான் ஆஃப் பண்ணணும், அப்புறம் டெர்மினல்ல 1 ஆம்பியர் டெஸ்ட் ஸோர்ஸ் வச்சு அங்க வர்ற வோல்டேஜைப் பார்க்கணும். என் நோட்ஸைத் திறந்து பார்த்தா, முதல் நாள் போர்டுல "எல்லா ஸோர்ஸையும் ஆஃப் பண்ணு"ன்னு நான்தான் எழுதிப் போட்டிருக்கேன், அன்னைக்கு நடத்தின கணக்குல டிபென்டென்ட் ஸோர்ஸே இல்லாததால அப்ப அது தப்பாத் தெரியல. பசங்க நான் சொன்னதைத்தான் பண்ணிருக்காங்க. அந்த பேட்ச்சுக்கு ரெமீடியல் கிளாஸ்னு போட்டு அதே நோட்ஸைத் திரும்ப நடத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?

ஆறாவது: பசங்ககிட்ட கேளுங்க

பேப்பர் கொடுக்கிற அன்னைக்கு கடைசி அஞ்சு நிமிஷம், ஆளுக்கு அரைத் தாள், பேர் எழுத வேண்டாம். ரெண்டே கேள்வி: எந்த ஸ்டெப்ல நின்னுட்ட? கிளாஸ்ல எது இருந்திருந்தா உதவியா இருந்திருக்கும்? செமஸ்டர் கடைசில கோர்ஸ் எக்ஸிட் சர்வேல 1-ல இருந்து 5-க்குள்ள டிக் அடிக்க வைக்கிறதை விட இதுல ஆயிரம் மடங்கு விஷயம் கிடைக்கும், அதுவும் அந்த பேட்ச் கையில இருக்கும்போதே. தமிழ் மீடியத்துல இருந்து வந்த பசங்க தமிழ்லயே எழுதட்டும், அதைச் சொல்லியே கொடுங்க, இல்லன்னா வெறும் தாள்தான் வரும்.

ஏழாவது: ஒண்ணே ஒண்ணு மாத்துங்க, திரும்பக் கேளுங்க

உற்சாகத்துல வீடியோ, குரூப் ஆக்டிவிட்டி, எக்ஸ்ட்ரா கிளாஸ்னு எல்லாத்தையும் ஒரே நேரத்துல இறக்கிட்டா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாமப் போயிடும். நான் பண்ணது ஒரு மணி நேரம், ஒரே சர்க்யூட்டை ரெண்டு தடவை போர்டுல போட்டேன், டிபென்டென்ட் ஸோர்ஸை எடுத்துட்டு ஒரு விடை, எடுக்காம ஒரு விடை, எது சரின்னு அவங்களே லோட் கரன்ட்டை வச்சு செக் பண்ணாங்க. ரெண்டு வாரம் கழிச்சு வேற வேல்யூ, வேற படம், அதே கருத்து, பத்து நிமிஷ க்விஸ். மார்க்குக்கு இல்லன்னு முன்னாடியே சொல்லிட்டேன், அப்பதான் காப்பி அடிக்காம எழுதுவாங்க. இந்த ரெண்டாவது க்விஸ் இல்லன்னா நீங்க பண்ண மாற்றம் பலிச்சுதான்னு சொல்ல உங்ககிட்ட எதுவும் இல்ல. பலிக்கலன்னா அதையும் அப்படியே எழுதி வைங்க, என்பிஏ கமிட்டி பார்க்க வருதுன்னு திருத்தாதீங்க.

எட்டாவது: எழுதி வைக்கிறது

ஃபைல்ல "ஆக்‌ஷன் டேக்கன்"னு ஒரு காலம் இருக்கும். நாலு வரி போதும்: எந்தக் கேள்வி, பேப்பர்ல என்ன தப்பு பார்த்தோம், என்ன மாத்தினோம், திரும்பக் கேட்டப்ப என்ன ஆச்சு. இதோட அந்தத் தப்பு இருக்குற ஒரு பேப்பர் ஜெராக்ஸ், பேரை மறைச்சுட்டு. அடுத்த வருஷம் அந்தப் பாடம் வேற யாருக்காவது போகும், டைம்டேபிள் வந்த அன்னைக்கே அந்த நாலு வரியை அவங்க மேசைல கொண்டு போய்க் கொடுத்துட்டு வாங்க, அவங்க முதல் கிளாஸ் எடுக்குறதுக்கு முன்னாடி.