எல்லையோர இளைஞர் ரெஸ்லிங் ரிங்கில் தமக்கென ஒரு வேடம் அமைத்துக்கொள்வது எப்படி?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்தவர்களுள், ட்ரம்ப் கார்டில் இருந்த ரெஸ்லிங் வீரர்களின் உயரம், எடை, நெஞ்சளவு ஆகியவற்றைப் பாடத்தைவிட நன்றாக மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். அவர்களுள் சிலர் வளர்ந்த பிறகும் அந்த ஆசையை விடாமல், இதையே தொழிலாகக் கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும், ஆனால் ஜிம்முக்குப் போய் நெஞ்சையும் கையையும் ஏற்றிக்கொண்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு முடியாது. கட்டுமஸ்தான உடம்போடு வந்து பெயர் தெரியாமல் போனவர்கள் இத்தொழிலில் மிகப் பலர். பார்வையாளர் காசு கொடுத்து மறுபடியும் பார்க்க வருவது ஒரு வேடத்தைத்தான். அந்த வேடத்தை எங்கிருந்து எடுப்பது, எப்படிக் கட்டுவது, எதைத் தொடக்கூடாது என்பவையே இங்கே பேசப்படுகின்றன. எல்லையோரத்தில் பிறந்தவருக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. பெரும்பாலானோர் அதைக் குறையென்று எண்ணி மறைக்கப் பார்க்கிறார்கள்.

வேடத்துக்கு முன்னால் விழக் கற்க வேண்டும். தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது என்பது இப்போது இரகசியமன்று. 1989இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலச் செனட்டின் முன்பு, விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காக, வின்ஸ் மெக்மேனின் நிறுவனமே (இன்றைய டபிள்யூ டபிள்யூ இ) இது பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று ஒப்புக்கொண்டது. ஆயினும் முடிவு எழுதி வைக்கப்பட்டது என்பதால் விழுவது பொய்யாகிவிடாது. ரிங்கின் அடியில் இரும்புச் சட்டங்கள், அவற்றின்மேல் மரப்பலகைகள், பலகைமேல் மெல்லிய நுரை விரிப்பு, அதற்கும் மேல் இழுத்துக் கட்டிய கான்வாஸ் துணி, அவ்வளவுதான். பின்புறமாக விழும்போது தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே சமயத்தில் பட வேண்டும். இரு கைகளும் உடம்பிலிருந்து சுமார் 45 பாகை விலகி, உள்ளங்கை கீழ்நோக்கியபடி, அதே நொடியில் தரையை அறைய வேண்டும். தாடை விலகினால் பின்மண்டை அடிபடும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். பம்ப் என்று தொழிலில் சொல்லப்படும் இதனை, தெரிந்த பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல், மொட்டை மாடியில் மெத்தை விரித்து யூடியூப் பார்த்துப் பழகுவது வேண்டவே வேண்டாம். ரிங் கிடைக்கும்வரை குஸ்தி, ஜூடோ, கபடி ஆகியவற்றுள் ஒன்றில் முறையாகப் பழகியிருந்தால், பிடிக்கவும் பிடிபடவும் உடம்பு கற்றிருக்கும். தாரா சிங் குஸ்தியிலிருந்து வந்தவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இனி வேடம். புதியவர்கள் செய்யும் முதல் காரியம், தொலைக்காட்சியில் பார்த்த ஒருவரை அப்படியே நகலெடுப்பது. அதற்கு அடுத்தது, யாரோ தைத்துக் கொடுத்த சட்டையைப் போல ஒரு தொழிலையோ தத்துவத்தையோ மாட்டிக்கொள்வது. இரண்டும் நிலைப்பதில்லை. கிளென் ஜேக்கப்ஸ் என்ற ஏறத்தாழ ஏழடி மனிதர் 1995இல் கொடூரப் பல் மருத்துவர் வேடத்தில் வந்தபோது சிரிப்புதான் வந்தது. அதே மனிதர் 1997இல் முகமூடியணிந்து, அண்டர்டேக்கர் என்ற புகழ்பெற்ற வீரரின் தம்பி கேன் என்று பேசாமல் நடந்து வந்தபோது அரங்கம் உறைந்தது. உடம்பும் திறமையும் மாறவில்லை. அந்த உடம்பைப் பார்த்தவுடன் மனத்தில் தோன்றும் அச்சத்துக்கு வேடம் பொருந்தியது.

டுவைன் ஜான்சன் வரலாறு இன்னும் தெளிவானது. 1996 நவம்பரில் தந்தை, பாட்டன் இருவரின் பெயரையும் சேர்த்து ராக்கி மைவியா என்ற பெயரில், எப்போதும் சிரித்த முகத்தோடு, நல்ல பிள்ளையாக அவரை இறக்கினார்கள். சில மாதங்களில் மக்கள் அவரைச் செத்துப் போ என்று கூச்சலிட்டு விரட்டினார்கள். 1997இல் திரும்பி வந்தபோது அவர் அந்தக் கூச்சலையே பிடித்துக்கொண்டு, தம்மை வெறுத்தவர்களைத் திருப்பி வெறுக்கும் திமிர் பிடித்த மனிதராக நின்றார். தி ராக் பிறந்தார். ஜான் சீனாவும் 2002இல் அடையாளமில்லாத வீரராகத்தான் நுழைந்தார். சக வீரர்களோடு பேருந்தில் விளையாட்டாகப் பாடிய ராப்பே அவருக்கு வேடமாகிக் காப்பாற்றியது. ஆகவே ஒரு தாளை எடுத்து, உங்களைப் பற்றி நண்பர்கள் கேலி செய்வது என்ன, உங்களுக்கு எதில் கோபம் வரும், எதைச் சொல்லிப் பெருமையடிப்பீர்கள் என்று எழுதுங்கள். அவற்றுள் ஒன்றைப் பல மடங்கு பெருக்கிக் காட்டுவதே வேடம்.

எல்லையோரத்தவரின் தாளில் ஒரு வரி நிச்சயமாக இருக்கும்: பொள்ளாச்சிக்குப் போனால் சேட்டன் என்கிறார்கள், திருச்சூருக்குப் போனால் பாண்டி என்கிறார்கள். இந்த இரட்டை நிலைதான் உங்கள் மூலதனம். ரெஸ்லிங்கில் மக்கள் கைதட்டும் நாயகனை ஃபேஸ் என்றும், கூவி விரட்டும் வில்லனை ஹீல் என்றும் சொல்வார்கள்; ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்க முடியும் என்பதை 1997இல் பிரெட் ஹார்ட் காட்டினார். அந்த மார்ச் மாதம் ரெஸில்மேனியா 13 என்ற பெரிய நிகழ்ச்சியில், இரத்தம் வழிய மயங்கிய ஸ்டீவ் ஆஸ்டினைப் பிடியை விட்ட பிறகும் அவர் தாக்கியதால், அதுவரை நாயகனாக இருந்தவர் அமெரிக்கர்களுக்கு வில்லனானார். அவரோ, தாம் மாறவில்லை, அமெரிக்காவின் நடத்தைதான் கெட்டுவிட்டது என்று பேசத் தொடங்கினார். எல்லையைத் தாண்டிக் கனடாவுக்குள் போனால் அதே பேச்சுக்குக் கொடி பிடித்து வரவேற்பு. அந்த ஜூலையில் அவருடைய சொந்த ஊரான கால்கரியில் நடந்த நிகழ்ச்சியில், அமெரிக்காவின் நாயகனாகிவிட்ட ஆஸ்டினை மக்கள் கூவி இகழ்ந்தார்கள். பேசியவரும் பேச்சும் ஒன்றே. நிலம் மட்டும் மாறியது.

நம் பக்கத்தில் இதற்கான களம் பழையது. ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் சித்தூர் பகவதி கோயிலில் நடக்கும் கொங்கன்படைத் திருவிழா, படையெடுத்து வந்த கொங்கு மன்னன் தோற்றதாகச் சொல்லப்படும் கதையை ஊரே திரண்டு நடித்துக் காட்டுவது. கொங்கன் வருகிறான் என்றால் சித்தூர்க்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மேற்கே போனால் அந்தப் பெயரே உங்களை ஹீல் ஆக்கிவிடும், கிழக்கே வந்தால் அதே பெயருக்கு விசில் பறக்கும். கதையின் நினைவை எடுத்துக்கொள்ளுங்கள். தெய்வத்தையும் கோயில் சடங்கையும் ரிங்கிற்குள் கொண்டுவர வேண்டாம். அது மரியாதைக்காகவும், மேடை உடைபடாமல் இருப்பதற்காகவும்.

தொடக்கூடாதவை இன்னும் உண்டு. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூருக்கு வரவேண்டிய 7.25 டிஎம்சி தண்ணீரைப் பற்றி ஒரு வாக்கியம் பேசினால் போதும், அரங்கம் கொதிக்கும். குமுளிப் பக்கம் முல்லைப்பெரியாறு என்று வாயைத் திறந்தாலும் அப்படியே. அந்தக் கொதிப்பு உங்கள் வேடத்தின்மேல் வருவதன்று, வயலில் நிற்பவனின் வயிற்றெரிச்சல். அது நிகழ்ச்சி முடிந்தும் அணையாது. சாதியைக் கேலி செய்யும் வேடமும் அப்படியே விலக்கத்தக்கது. நல்ல வில்லன் மக்களைத் தம்மேல் மட்டும் கோபப்பட வைக்கிறார்.

அப்படியானால் எதைச் சொல்லிச் சீண்டுவது? சில்லறை விஷயங்களைச் சொல்லி. பாலக்காட்டு மேடையில் மைக்கைப் பிடித்து இப்படித் தொடங்கலாம்: "சேட்டன்மாரே, சேச்சிமாரே, கூவுங்கோ, நல்லாக் கூவுங்கோ. ஓணத்துக்கு நீங்க விரிக்கிற இலையும், அதுல வைக்கிற முருங்கைக்காயும் எங்க ஊர்ச் சந்தையில இருந்துதான் வண்டி ஏறுது. வேலந்தாவளத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் குறுக்கே நின்னா உங்க சாம்பார்ல என்ன இருக்கும்? வெறும் தண்ணி!" அந்த இடத்தில் நிறுத்துங்கள். கூச்சல் எழுந்து, உச்சத்துக்குப் போய், இறங்கத் தொடங்கும்போதுதான் அடுத்த வாக்கியம். கூச்சலுக்கு மேல் கத்துபவர் அதை வீணாக்குகிறார். மறுவாரம் பொள்ளாச்சியில் அதே மனிதர், "ஏனுங்க அண்ணா, நல்லா இருக்கீங்களா? போன வாரம் உங்க முருங்கைக்காய்க்கு மரியாதை வாங்கிக் குடுத்துட்டு வந்தனுங்க" என்றால், வில்லத்தனம் அங்கே வீரமாகிவிடும். இரு மொழியும் கலந்த எல்லைப் பேச்சை மேடைக்காகத் திருத்திச் செந்தமிழாக்க வேண்டாம்.

பேச வராதவர் கவலைப்பட வேண்டியதில்லை. இந்திய வீரர் தி கிரேட் காளி 2007 ஜூலையில் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றவர்; அவருக்காக மைக்கில் பேசியவர் மொழிபெயர்ப்பாளர் வேடத்தில் இருந்த மேலாளர். அண்டர்டேக்கருக்குப் பால் பேரர், பிராக் லெஸ்னருக்குப் பால் ஹேமன். நன்றாக மலையாளம் பேசும் நண்பர் ஒருவர் உங்களைப் புகழ்ந்தும் எதிராளியை இகழ்ந்தும் பேச, நீங்கள் அவருக்குப் பின்னால் அசையாமல் நிற்பதே ஒரு வேடம்.

பெயர் சுருக்கமாகவும், இரு மொழியிலும் ஒரே மாதிரி உச்சரிக்கத் தக்கதாகவும் இருக்கட்டும்; அறிவிப்பாளர் சொல்லும் ஊர்ப்பெயரும் வேடத்தின் பகுதியே. பெயரைப் பதிவு செய்வதில் மட்டும் கவனம் தேவை. பெரிய நிறுவனங்கள் தாம் சூட்டிய பெயரைத் தம் சொத்தாக வைத்துக்கொள்ளும். டீன் ஆம்ப்ரோஸ் 2019இல் வெளியேறியபோது ஜான் மாக்ஸ்லி என்ற பழைய பெயருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கோடி ரோட்ஸ் 2016இல் விலகிய பிறகு சில ஆண்டுகள், தந்தை புகழ் சேர்த்த ரோட்ஸ் என்ற பெயரின்றி வெறும் கோடியாகத்தான் ரிங்கில் நின்றார்.

ரிங்கிற்கு நடந்து வருவதைப் பலரும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். என் கணிப்பில் ஆட்டத்தின் பாதி அதுதான். தெருக்கூத்தில் வேடதாரி திரைக்குப் பின்னால் நின்று, முகம் காட்டாமலே பார்வையாளரை ஏங்க வைத்து, கட்டியங்காரன் கேட்ட பிறகு வெளிப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைக் கற்பிக்கத் தேவையில்லை. அண்டர்டேக்கரின் மணியோசை ஒருமுறை ஒலித்தால் போதும், விளக்கு அணையும், ஆயிரக்கணக்கானோர் எழுந்து நிற்பார்கள். அவர் நடந்து வந்து சேரும்வரை எதுவுமே நடக்காது, ஒருவரும் உட்காரவும் மாட்டார். உங்களுக்கும் முதல் இரண்டு நொடியில் அடையாளம் தெரியும் ஓர் ஒலி வேண்டும்: ஓர் உறுமி, ஒரு செண்டை அடி, ஒரு லாரி ஹாரன். உடையில் செலவு குறைவாக இருக்கலாம், குழப்பம் இருக்கக்கூடாது. 2017இல் இந்திய வீராங்கனை கவிதா தேவி சல்வார் கமீஸ் அணிந்தே ரிங்கில் இறங்கினார். அதற்குப் பிறகு அவரை யாரும் வேறொருவரோடு குழப்பிக்கொள்ளவில்லை. உயரத்திலிருந்து கயிற்றில் இறங்குவது போன்ற சாகசங்களை விட்டுவிடுங்கள். 1999 மே மாதம் கான்சாஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் அப்படி இறங்கும்போதுதான் விழுந்து இறந்தார்.

மணி அடித்த பிறகும் வேடம் தொடர வேண்டும். ஹீல் நடுவரின் கண்ணை மறைத்துத்தான் தவறு செய்ய வேண்டும். நடுவர் பார்க்கும்போது செய்தால் அவர் முட்டாளாகிறார், ஆட்டமும் கெடுகிறது. அந்த நடுவரே நேரம் எவ்வளவு மீதி என்பதை இருவருக்கும் காதில் சொல்பவர் என்பதால், அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க வழக்கில் பிடிகள் பெரும்பாலும் இடது கை கால்களிலும், மெக்சிகோவில் வலப்பக்கத்திலும் போடப்படும். எந்த வழக்கில் பயின்றீர்களோ அதை எதிராளியிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. பத்து நிமிடம் இடது முழங்காலில் அடி வாங்கியவர், வென்ற மகிழ்ச்சியில் துள்ளிக் குதித்தால் அந்தப் பத்து நிமிடமும் பொய்யாகிவிடும். நொண்டியபடியே கையை உயர்த்த வேண்டும். முடிப்பு அடி எதுவானாலும், எவ்வளவு எடையுள்ளவருக்கும் போடத்தக்கதாகவும், எதிராளியின் கழுத்துக்குத் தீங்கில்லாததாகவும் இருக்கட்டும். ஆஸ்டினின் ஸ்டன்னர் சிறியவர், பெரியவர் எல்லோருக்கும் பொருந்தியதால்தான் எந்த ஆட்டத்தையும் அவரால் நொடியில் முடிக்க முடிந்தது.

ஒரே வேடம் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை அரங்கத்தின் ஒலியே சொல்லும். கூவல் வந்தாலும் கைதட்டல் வந்தாலும் கவலையில்லை. அமைதி வந்தால் மாற்ற வேண்டும். 1990இல் வந்த அண்டர்டேக்கரே 2000இல் கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார், சில ஆண்டுகளில் மறுபடியும் அங்கிக்குத் திரும்பினார். எல்லையோரக் கொங்கனுக்கும் ஒரு நாள் வரும்: பாலக்காட்டிலேயே அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டத் தொடங்குவார்கள். அப்போது அவசரப்பட்டு நல்லவராகிவிடாமல், சிறிது காலம் அந்தக் கைதட்டலைப் புரியாதவர்போல முறைத்துக்கொண்டே இருங்கள்.

தொழிலுக்கான வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காளி 2015இல் ஜலந்தரில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி நம் நாட்டில் பலரும் அறிந்தது; கவிதா தேவி அங்கே பயின்றவர். டபிள்யூ டபிள்யூ இ 2019இல் மும்பையில் தேர்வு முகாம் நடத்தியது, 2023 செப்டம்பர் 8 அன்று ஹைதராபாத் கச்சிபௌலியில் ஜான் சீனாவையே அழைத்து வந்து நிகழ்ச்சி நடத்தியது. தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் பயில்வது 2013இல் ஆர்லாண்டோவில் திறந்த மையத்தில். அந்தக் கதவு திறக்கும்வரை வருமானம் ஒழுங்காக வராது என்பதால், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட வேண்டாம். உங்கள் மைக் பேச்சையும் ஓர் ஆட்டத்தையும் வெட்டி ஒட்டாமல் முழுதாகப் படம்பிடித்து வைத்திருங்கள். எந்த அமைப்பாளரிடம் கையெழுத்திடுவதானாலும், காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, போக்குவரத்து யாருடையது, பெயரும் முகமூடியும் யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். பெரிய நிறுவனங்களிலேயே வீரர்கள் ஊழியர்களாகக் கருதப்படாமல் ஒப்பந்தக்காரர்களாகவே வைக்கப்படுகிறார்கள். ஆகையால் விபத்துக் காப்பீட்டை நீங்களே எடுத்துக்கொண்டு, தொழில்முறை விளையாட்டில் ஏற்படும் காயங்களுக்கு அது பொருந்துமா என்பதைப் பாலிசியின் விலக்குப் பட்டியலில் படித்துப் பார்த்த பிறகு முதல் ஆட்டத்துக்குத் தேதி கொடுங்கள்.