டாக்டரைப் பார்க்கப் போகும் முன் எழுத வேண்டிய ஒரு தாள்

பதினோரு வருடத்தில் என் மனநோய்க்கு மூன்று பெயர் வைத்தார்கள். முதலில் டிப்ரஷன் (மனச்சோர்வு), அப்புறம் பைபோலார் (மனம் உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போவது), கடைசியாக பார்டர்லைன் (உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் ஆடும் ஆளுமைக் கோளாறு). மூன்று மருத்துவர்களையும் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு நான் எப்படி உட்கார்ந்திருந்தேனோ, என்ன சொன்னேனோ, அதை வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்ய முடியும். ஏழு வயதில் வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நான்காவது மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனேன். அந்தத் தாளை எழுதுவது எப்படி என்று சொல்கிறேன்.

தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் இப்போது நடப்பது, வலப்பக்கம் அப்போது நடந்தது. இடப்பக்கத்தை முதலில் எழுதுங்கள், அதுதான் சுலபம்.

நோயின் பெயர் எதையும் எழுத வேண்டாம். நான் முதலில் "பதற்றம் அதிகம்" என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு இப்படி மாற்றினேன்: "பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நிற்கிறேன். வருவது மனைவிதான் என்று தெரியும். ஆனாலும் அவள் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்து, கோபமாக வருகிறாளா என்று கணக்குப் போடுகிறேன். வாரத்தில் நாலைந்து நாள். அடங்க இருபது நிமிடம்." எது கிளப்பிவிடுகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை. இவ்வளவு போதும்.

அந்த இருபது நிமிடம்தான் முக்கியம். பைபோலார் என்று சொல்ல, ஹைப்போமேனியா, அதாவது வழக்கத்தை மீறிய உற்சாகமோ எரிச்சலோ, குறைந்தது நான்கு நாளாவது தொடர்ந்து இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். என்னும் மனநோய்க் கையேடு. என்னுடையது ஒரு சத்தத்தில் கிளம்பி, அரை மணிக்குள் அடங்கிவிடும். "மூட் அடிக்கடி மாறுது டாக்டர்" என்று நான் மொட்டையாகச் சொன்னதில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது.

வலப்பக்கம் வேறு விதம். அங்கே கதை வேண்டாம், தலைப்பு போதும். நான் எழுதியது: "7 முதல் 12 வயது வரை. வீட்டில் அடி. எனக்கும் அம்மாவுக்கும்." அவ்வளவுதான். பகலில் எழுதுங்கள், கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கை நடுங்கினால் நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள். எழுதவே முடியவில்லையா, "இங்கே ஒன்று இருக்கிறது, இப்போது பேச விருப்பமில்லை" என்று எழுதுங்கள். மருத்துவருக்கு அதுவும் தகவல்தான். ஞாபகம் இல்லாத வயதை வெற்றிடமாகவே விடுங்கள், தோண்டாதீர்கள். துருவித் துருவிக் கேட்டால் மனம் இல்லாததையும் இட்டு நிரப்பிவிடும். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் தாளை மூடிவிட்டு, உடனே யாரையாவது கூட வைத்துக்கொண்டு மருத்துவ உதவிக்குப் போங்கள்.

சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிய பத்துக் கேள்வி ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. அமெரிக்காவில் 1998-இல் வெளியான ஏ.சி.இ. ஆய்விலிருந்து வந்தது. பெரிய கூட்டத்தை அளக்க உருவாக்கிய அளவுகோல் அது. தனி ஆள் தன் மதிப்பெண்ணைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. நான் பயந்து ஒரு வாரம் தூங்கவில்லை, அது வேறு விஷயம்.

சரி, டாக்டர் அறையில் என்ன கேட்பது? நான் இரண்டு கேள்வி வைத்திருந்தேன். "வலப்பக்கத்தைப் படித்த பிறகும் இதே பெயர்தானா?" "பெயர் மாறினால் சிகிச்சையில் என்ன மாறும்?" இதைக் கேட்பது அவமரியாதை இல்லை. மனநோய்ப் பெயர்களுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. 1980-இல் வந்த டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பிலிருந்தே பெரும்பாலான நோய்களை அறிகுறியை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், காரணத்தை வைத்து அல்ல. டிப்ரஷனுக்கு ஒன்பதில் ஐந்து அறிகுறி, இரண்டு வாரம். ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக உள்ள இரண்டு பேருக்கும் ஒரே பெயர் கிடைக்கலாம். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில் 'காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி.' (நீண்ட நாள் கொடுமைக்குப் பின் வரக்கூடிய மனக்காய நோய்) உண்டு, டி.எஸ்.எம்.-இல் அது தனிப்பெயராக இல்லை. ஆக, டாக்டர் மேசையில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் உங்கள் நோயின் பெயர் மாறலாம்.

அதற்காகப் பெயரைத் தூக்கிப்போட்டுவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நான் ஒருமுறை நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலை சுற்றல், மண்டைக்குள் ஷாக் அடிப்பது போல. குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லும் கணக்கில், மெதுவாக. இன்னொன்று, சிறுவயதில் அடிபட்டவருக்கு உண்மையிலேயே பைபோலாரும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்றாகாது. தைராய்டு கூட மனச்சோர்வு வேஷம் போடும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது மருத்துவர் தாளை இரண்டு முறை படித்தார். நோயின் பெயரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சாவி வரியில் விரலை வைத்து, "வீட்ல காலிங் பெல் இருக்கா?" என்றார். இருந்தது. இப்போதெல்லாம் மனைவி பூட்டில் சாவியைப் போடும் முன் ஒரு முறை பெல் அடிக்கிறாள்.