மீன் கழிவில் கோழித்தீனுக்குப் புளிக்கவைத்த புரதக் கூழ்: முதல்முறை செய்பவர்களுக்கு

திருகோணமலையில் மீன் வெட்டும் இடம் எதற்குப் போனாலும் தலை, குடல், செவுள் என்று வாளி வாளியாகச் சேர்கிறது. பெரும்பாலும் புதைக்கிறார்கள், இல்லையென்றால் திரும்பக் கடலில் கொட்டுகிறார்கள். வளவில் ஊர்க்கோழி வளர்ப்பவர்கள் அதை விடக்கூடாது என்பது என் கருத்து. தீனில் விலை கூடிய பகுதியே புரதம்தான்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. நீரின் துணையோடு அதைச் சிறு துண்டுகளாக உடைப்பதுதான் நீர்ப்பகுப்பு. உடைந்த புரதம் எளிதில் செரிக்கும். தொழிற்சாலைகளில் இதற்கு நொதியம், அதாவது புரதத்தை உடைக்கும் வேலையை விரைவாக்கும் பொருள், வாங்கிச் சேர்ப்பார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை, மீன் குடலிலேயே அது இருக்கிறது. ஆகவே மீனை முதலில் அவிக்கவே கூடாது. அவித்தால் நொதியம் செயலிழந்துவிடும், கழிவு கரையாது.

அது கரைந்து முடியும்வரை அழுகாமல் காப்பது புளிப்பு. போமிக் அமிலம் ஊற்றியும் செய்யலாம், ஆனால் அது தோலைச் சுட்டுவிடும். புதியவர்களுக்கு மொலாசஸும் (கரும்புச் சீனி எடுத்தபின் மிஞ்சும் கறுத்த பாகு) தயிரும் போதும்.

1. கழிவைத் தெரிந்தெடுங்கள்

அன்று வெட்டிய கழிவு மட்டும்தான். சூடை, சாளை நல்லது. சூரை, கும்பளாக் கழிவு வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் கூடிவிடும், பிறகு புளிக்கவைத்தாலும் காய்ச்சினாலும் அது போகாது. கருவாட்டுத் தலையில் உப்பு அதிகம், வேண்டாம். கரைவலை மீனில் பேத்தை கலந்து வரும், ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. அதன் நஞ்சு சூட்டில் அழியாது. வயிறு ஊதிய, செதிலில்லாத மீன் எது கண்ணில் பட்டாலும் தயங்காமல் எடுத்து வீசுங்கள்.

2. கொத்திக் கலக்குங்கள்

விரல் நுனி அளவுக்குக் கொத்துங்கள். பெரிய துண்டின் நடுவே புளிப்பு இறங்காது, அழுகல் அங்கேதான் தொடங்கும். 10 கிலோ கழிவுக்கு 1½ கிலோ மொலாசஸ், அரைக் கிலோ தயிர். கிண்ணியாப் பக்கத்து எருமைத்தயிர் நன்றாக வேலை செய்யும். தயிரிலுள்ள பற்றீரியா மொலாசஸின் இனிப்பைத் தின்று லக்டிக் அமிலமாக்கும்.

3. மூடி வையுங்கள்

பிளாஸ்டிக் வாளிதான் சரி, தகரம் அரித்துவிடும். காற்று தங்காமல் அமுக்கி, மேலே பொலித்தீன் விரித்து மூடி, நிழலில் வையுங்கள். மூடியை இறுக்கித் திருகாதீர்கள், வாயு வெளியேற வழி வேண்டும்.

4. மூன்றாம் நாள் பாருங்கள்

புளிப்பை அளக்கும் பி.எச். தாள் 4.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). புளித்த வாசம் வந்தால் சரி. அழுகல் நாற்றமோ மூக்கை அரிக்கும் அமோனியாவோ அடித்தால் திருத்த முயலாமல் புதைத்துவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் ஒரு கிழமைக்குள் சதை கூழாகி, முள் அடியில் தங்கும். புளிப்பு குறையாமல் பார்த்துக்கொண்டால் சில மாதம் கெடாது. மீனைக் காயவைக்க வெயில் கிடைக்காத வாடைக் காலத்தில் இது பெரிய உதவி.

5. கொடுக்கும்போது

வடித்து, மேலே மிதக்கும் எண்ணெயை அகற்றி, ஒரு கொதி வரும்வரை காய்ச்சுங்கள். நோய்க்கிருமிகளும், பச்சை மீனில் இருக்கும் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதியமும் அதில் போய்விடும். ஆறியதும் தவிடு, சோளம், தேங்காய்ப் புண்ணாக்குடன் பிசறுங்கள். முதல் கிழமை ஒரு கிலோ தீனுக்கு 50 கிராம், அப்புறம் 100 கிராம்வரை. இதில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஆகவே கடைத்தீனை முற்றாக நிறுத்திவிடாதீர்கள். பிசறியதை அன்றே தீருங்கள், மிச்சம் வைக்காதீர்கள்.

முட்டையில் மீன் வாடை வந்தால் அளவைக் குறையுங்கள். இறைச்சிக்கு அறுக்கும் கோழிக்கு இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.