ஷேல் எரிவாயுவும் நேச்சுரல் இங்கிலாந்தும்: வழக்கமாகப் போடும் தப்புக் கணக்குகள்

இங்கிலாந்தில் ஒரு ஷேல் எரிவாயு (ஆழத்தில் உள்ள களிப்பாறையில் அடைபட்ட எரிவாயு) திட்டத்தின் கோப்பைப் புரட்டுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இரண்டே சொல்தான்: "ஆட்சேபம் இல்லை". அரசின் இயற்கைப் பாதுகாப்பு ஆலோசகரான நேச்சுரல் இங்கிலாந்து இப்படி எழுதியதும் நிறுவனம் நற்சான்றிதழ் கிடைத்ததுபோலக் கொண்டாடும், எதிர்ப்பவர்கள் விலைபோய்விட்டார்கள் என்று திட்டுவார்கள். இரண்டும் தப்பு. தன் பொறுப்பில் உள்ளவற்றுக்கு, அதாவது பாதுகாக்கப்பட்ட வாழிடங்கள், பறவைப் பகுதிகள், நிலக்காட்சிகள், நல்ல விளைநிலம் போன்றவற்றுக்குப் பெரிய கேடு வராது என்பதுதான் அதன் பொருள். திட்டம் நல்லதா கெட்டதா என்று அவர்கள் சொல்லவே இல்லை.

அடுத்தது, கதவு மாறித் தட்டுவது. நிலத்தடி நீருக்குச் சுற்றுச்சூழல் முகமை, கிணற்றின் கட்டுமானப் பாதுகாப்புக்கு வேறொரு அமைப்பு, லாரிப் போக்குவரத்துக்குக் கவுன்டி கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பு. நேச்சுரல் இங்கிலாந்துக்கு நில அதிர்வைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினால் அது வீண்தான்.

முடிவெடுப்பதும் அவர்கள் இல்லை. லங்காஷயரின் பிரெஸ்டன் நியூ ரோடு திட்டத்தை 2015-இல் கவுன்டி கவுன்சில் நிராகரித்தது, 2016-இல் அமைச்சர் அனுமதித்தார். 2019 ஆகஸ்டில் 2.9 அளவு அதிர்வு வந்து, நவம்பரில் ஃபிராக்கிங்கே (நீரை அழுத்திப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் முறை) நிறுத்தப்பட்டதற்குப் பறவைகள் காரணமில்லை!

சரி, அப்படியானால் இவர்கள் சொல்வது வெறும் பேச்சா? அதுவும் இல்லை. அறிவியல் சிறப்புக்காகப் பாதுகாக்கப்பட்ட இடத்தைப் பாதிக்கக்கூடிய வேலைக்கு, இவர்கள் ஆலோசனையை மீறிக் கவுன்சில் அனுமதி தந்தால், அந்த ஆலோசனையை எப்படிக் கணக்கில் எடுத்தோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், 21 நாள் கழியும்வரை வேலையும் தொடங்கக் கூடாது (1981 வனவிலங்குச் சட்டம்). இதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றிப் போட்ட எல்லைக் கோட்டோடு நின்றுவிடுவதும் பெரிய தவறு. லங்காஷயர் கடற்கரையில் உள்ள ரிபிள் முகத்துவாரத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் இளஞ்சிவப்புக்கால் வாத்துகள் மேய்வது கோட்டுக்கு வெளியே உள்ள வயல்களில். அந்த வயலுக்குப் பக்கத்தில் துளையிட்டாலும் கேள்வி வரும். அப்புறம், ஜூலையில் எடுத்த கணக்கெடுப்பில் அந்த வாத்து எப்படி இருக்கும்?

கடைசியாக, மௌனம். வௌவால், நீர்ப்பல்லி மாதிரியான பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைப் பற்றி நேச்சுரல் இங்கிலாந்திடமிருந்து பெரும்பாலும் தனிப் பதில் வராது, பொதுவான வழிகாட்டுதல்தான் இருக்கும். அதைத் தளத்துக்குப் பொருத்திப் பார்க்க வேண்டியது கவுன்சில். பார்த்தார்களா என்று கவுன்சிலின் திட்ட அதிகாரி எழுதும் அறிக்கையில் தேடுங்கள்.