நிதிப் பரவலாக்கமும் அரசின் செலவும்: கணக்கிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிதி அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் அரசின் செலவு குறையுமா, கூடுமா என்று ஆராயப் புகுவோர், மொத்தப் பொதுச் செலவில் உள்ளாட்சிகளின் பங்கு எவ்வளவு என்பதையே பரவலாக்கத்தின் அளவுகோலாகக் கொண்டுவிடுகிறார்கள். டென்மார்க்கில் பொதுச் செலவில் பாதிக்கும் மேல் உள்ளாட்சிகளின் வழியாகவே நடக்கிறது. ஆனால், அதில் கணிசமான பகுதி நாடாளுமன்றம் வகுத்த விதிப்படி வழங்கப்படும் உதவித்தொகைகள். அந்த அளவில் உள்ளாட்சி பட்டுவாடா செய்யும் இடம் மட்டுமே.

இதைவிடப் பெரிய தவறு, செலவு செய்யும் அதிகாரத்தையும் வரி விதிக்கும் அதிகாரத்தையும் ஒன்றாகப் பார்ப்பது. வரி செலுத்துவோரைத் தக்கவைக்க உள்ளாட்சிகள் போட்டியிடுவதால் அரசின் அளவு கட்டுக்குள் இருக்கும் என்று பொருளியலாளர்கள் பிரென்னனும் புக்கானனும் 1980-இல் வாதிட்டனர். அந்த வாதத்தை எடுத்தாள்பவர்கள், உள்ளாட்சி தன் செலவுக்கான பணத்தைத் தானே திரட்டினால்தான் அது பொருந்தும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பணம் மேலிருந்து மானியமாக வரும்போது நிலைமை தலைகீழாகிறது: மக்களின் வருமானம் அதே அளவு உயர்ந்திருந்தால் பொதுச் செலவு எவ்வளவு கூடியிருக்குமோ, அதைவிட மானியத்தால் அது அதிகமாகக் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒட்டுத்தாளில் விழுந்த ஈயைப் போலப் பணம் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்வதால், பொருளியலார் இதை ‘ஈ ஒட்டுத்தாள் விளைவு’ என்கிறார்கள். நம் முன்னோர் ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்றார்கள்.

மானியத்தோடு கடன் வாங்கும் உரிமையும் சேர்ந்தால், என்றாவது ஒருநாள் மத்திய அரசு கடனிலிருந்து மீட்கும் என்ற நம்பிக்கையே செலவை ஊதிப் பெருக்கும். பிரேசிலில் 1980-களின் இறுதியிலிருந்து மாநிலங்களின் கடனை மத்திய அரசு மீண்டும் மீண்டும் ஏற்க நேர்ந்தது. 2000-இல் நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்றிய பிறகே அத்தகைய மீட்புக்குத் தடை வந்தது. ஆகவே, கடன் விதிகளைக் கணக்கில் எடுக்காத ஒப்பீடு பாதி ஒப்பீடுதான்.

மானியத்தை மத்திய அரசின் செலவிலும் உள்ளாட்சியின் செலவிலும் இருமுறை கூட்டிவிடும் எளிய பிழையும் அபூர்வமன்று.

மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாதது செலவின் உள்ளடக்கம். பொலிவியா 1994-இல் தேசிய வரி வருவாயில் 20 விழுக்காட்டை மக்கள்தொகை அடிப்படையில் நகராட்சிகளுக்குப் பகிர்ந்தபோது, பொது முதலீடு கல்வி, குடிநீர், துப்புரவு ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. அதுவரை ஏறத்தாழ எதுவும் பெறாதிருந்த சிறிய, ஏழை நகராட்சிகளில்தான் அந்த மாற்றம் அதிகம் தெரிந்தது.